டீச்சர் குப்புறப் படுத்திருந்த இடம்

பழவங்காடி கணபதி கோவிலுக்கு எதிரே, உடைக்கத் தேங்காய் விற்கும் கடையில் நான் வேலைக்கு நின்ற சமயம். ஒரு நாள் காலை எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தேங்காயை வாங்கிக்கொண்டு நகராமல் என்னையே பார்த்தபடி நின்றார்.

“நீதானே எங்க அக்காவுக்குக் காட்டுல சமைச்சுப் போட்டவன்?”

“ஆமாம்மா. டீச்சரோட தங்கச்சியா?”

“தங்கைதான். அவள் கண்ணை மூடின அன்னிக்கு வந்து வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டே. நான் பார்த்தேன், கேட்டியா.”

டீச்சர் கோட்டைக்குள் இருக்கும் அக்கிரகாரத் தெருவில் பிறந்தவர். கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நகரத்துக்கு வடக்கே, மலையடிவாரக் காட்டுக்குள் ஒரு சதுப்பு இருக்கிறது. காட்டு ஜாதிக்காய் மரங்கள் சேற்றுக்குள்ளிருந்து வேரை வளைத்து வெளியே நீட்டி மூச்சு விடும் இடம். அதை வெட்டி, நீரை வடித்து, தோட்டம் வைக்க ஒரு திட்டம் வந்தபோது முதலில் எதிர்த்துப் பேசியவர் அவர்தான். கோர்ட்டுக்குப் போனார். அளக்க வந்தவர்களின் சங்கிலிமேல் போய் உட்கார்ந்தார். வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. பல வருஷம் இழுத்தடித்த பிறகு திட்டம் போயிற்று, சதுப்பு நின்றது. இன்றைக்குக் காடு, தவளை என்று இந்த ஊரில் பேசுகிறவர்கள் பலரும் அவரிடம் படித்தவர்கள்.

எனக்கு அதெல்லாம் பின்னால்தான் தெரியும். ஏழாவதோடு பள்ளியை விட்டுவிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து கிளம்பியவன் நான். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கல் இறக்கி ஒரு விரல் நசுங்கியது. அதன் பிறகு தம்பானூரில் ஒரு லாட்ஜுக்குக் கீழே இருந்த ஓட்டலில் தோசை சுட்டேன். அந்த ஓட்டலை மூடிய வாரத்தில் டீச்சர் அங்கே சாப்பிட வந்தார். காட்டு முகாமுக்குச் சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார். மூட்டை என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். போய்விட்டேன்.

காட்டில் அவருக்கு ஒரு விதி இருந்தது. ஒருவர் பின் ஒருவராக நடக்கக் கூடாது. எல்லோரும் தள்ளித் தள்ளிப் பரவி நடக்க வேண்டும். ஒரே இடத்தில் நாலு பேர் மிதித்தால் அது தடமாகும், தடத்தைப் பார்த்து நாற்பது பேர் வருவார்கள், பிறகு ஜீப் வரும் என்பார். போன தடவை போன பக்கமாக அடுத்த தடவை போக மாட்டோம். எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. தலையில் அரிசி மூட்டையோடு முள்ளுக்குள் பரவி நடப்பது எப்படி இருக்கும் என்று நடந்து பார்த்தால் தெரியும்.

தங்கை அம்மாவுக்கு என்னிடம் ஒரு வேலை இருந்தது.

“எங்கம்மா உயிர் போறப்போ அவள் அந்தக் காட்டுலதான் இருந்தாள். ஆள் அனுப்பி, விவரம் எட்டி, அவள் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அம்மாவுக்கு முடியலை, போகாதேன்னு சொன்னேன். இந்த வாரம் போகாம இருக்க முடியாதுன்னாள். கேஸ் விஷயமாக்கும்னு நினைச்சேன். கடைசிவரைக்கும் அவள்கிட்ட நான் சரியாப் பேசலை. அப்படி என்னதான் அங்க இருந்துதுன்னு எனக்குப் பார்க்கணும். கூட்டிண்டு போவியா?”

அந்த வாரம் நானும் காட்டில்தான் இருந்தேன். டீச்சர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதை அந்தக் கோவில் வாசலில், தேங்காய் உடையும் சத்தத்துக்கு நடுவில் சொல்ல வாய் வரவில்லை. “போலாம்மா” என்று மட்டும் சொன்னேன்.

வனத்துறையில் அனுமதி வாங்கி, மாசி வெயிலில் ஒரு ஜீப்பில் போனோம். துணைக்கு, காட்டைக் காவல் காக்கும் ஒரு பெண் வாச்சர் வந்தாள். ரப்பர் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள், தமிழில் பாதி மலையாளம். சதுப்பு பெரியது, அதில் டீச்சர் எந்த இடத்துக்குப் போவார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

ஓடையைத் தாண்டினோம். ஒரு மேட்டில் ஏறி இறங்கினோம். மறுபடியும் அதே ஓடை வந்தது.

“அண்ணா, இது நம்மள் இப்போ கடந்த தோடு அல்லே?” என்றாள் வாச்சர்.

“இல்லை, இதே மாதிரி இன்னொரு ஓடை.”

“அப்போ என் செருப்புப் பாடு எங்ஙனே இங்க வந்து?”

அவள் காட்டிய இடத்தில் அவளுடைய செருப்பு அச்சுதான் இருந்தது. அம்மா குடையை ஊன்றி நின்று மூச்சு வாங்கினார்.

“இத்தனை வருஷம் அவள் வந்து போன எடம். ஒரு ஒத்தையடிப் பாதைகூட இல்லையா?”

“டீச்சர் விட மாட்டாங்கம்மா. பாதை விழக் கூடாதுன்னு பரவித்தான் நடப்போம்.”

“நன்னா இருக்கு. வீட்டுக்கு வர வழிதான் அவளுக்கு மறந்துதுன்னா, போற வழியையும் அழிச்சுட்டாளாக்கும்.”

வாச்சர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே பயமும். வெயில் சாய்வதற்குள் காட்டை விட்டு வெளியேற வேண்டும். இன்று இடத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் இந்த அம்மாவை இன்னொரு முறை கூட்டி வர முடியுமோ, முடியாதோ.

கடைசியில் கண்ணை நம்பாமல் காலை நம்பினேன். ஓடைக்குள்ளேயே இறங்கி, நீர் வரும் திசையில் நடந்தோம். வெயில் குறைந்தது. மண் மெத்தென்றாகி, பிறகு சேறாயிற்று. சுற்றிலும் மடக்கிய முழங்கால்களைப் போல வேர்கள். ஒரு பெரிய மரத்தின் தாங்குவேர்கள் கூடாரக் கம்புகளைப் போல விரிந்திருந்தன. அதனடியில்தான் நான் டீச்சருக்குப் பால் விடாத கட்டங்காப்பி கொண்டுபோய்க் கொடுப்பேன்.

“இதாம்மா.”

அம்மா சேற்றைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடியும் சேற்றைப் பார்த்தார். “இங்கயா அளக்க வந்தா அன்னிக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். சங்கிலி, போலீஸ், கூட்டம் என்று ஏதாவது. கேட்க நன்றாக இருந்திருக்கும்.

“அந்த வாரம் யாரும் வரலைம்மா. கேசும் இல்லை. டீச்சர் இந்தச் சேத்துல குப்புறப் படுத்து, தவளை பார்த்துக்கிட்டு இருந்தாங்க.”

“தவளையா?”

“மரத்து மேல இருக்கிற தவளை. மழை பிடிக்கிற சமயத்துல மட்டும் கீழ இறங்கி, சேத்துல குழி தோண்டி முட்டையிட்டு, குழியை மூடிட்டுப் போகும். அதைப் பார்க்கத்தான்.”

அம்மா குடை நுனியால் சேற்றைக் கிளறினார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“தவளை” என்றார் மறுபடியும். பிறகு வாச்சரிடம் திரும்பினார். “எங்க அது? காட்டு.”

“இப்போ கிட்டாது அம்மே. இடவப்பாதி மழை வரணும்.”

“வந்தா நீ காட்டுவியா?”

“காட்டுவேன். பக்ஷே சேத்துல இருக்கணும். அம்மெயால முடியுமோ?”

“அதை நான் பார்த்துக்கறேன். நீ இடத்தை மறந்துடாதே. இவனை நம்பினா ஓடையைத்தான் சுத்தணும்.”

வைகாசிக் கடைசியில் இடவப்பாதி மழை பிடித்ததும் வாச்சரிடமிருந்து போன் வந்தது. கடையில் லீவு தரவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போனேன். இந்த முறை வாச்சர் எங்களை நேராகவே கூட்டிப் போனாள். அவளும் பரவித்தான் நடக்கச் சொன்னாள். இலைகளிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே எங்கெங்கோ இருந்து சின்னச் சின்னச் சத்தங்கள், யாரோ நாக்கைத் தட்டுவது போல.

அம்மா ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, புடவையைச் செருகிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு வாச்சர் அவர் கையைத் தொட்டாள். ஒரு வேருக்கு அடியில், கட்டைவிரல் பருமனில் ஒரு தவளை, முதுகில் அதைவிடச் சின்னதாக இன்னொன்றைச் சுமந்தபடி, பின்காலால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளும், நிற்கும், மறுபடியும் தள்ளும்.

“இதுக்கா?” என்றார் அம்மா. குரலில் கோபம்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் குனிந்தார். புடவைத் தலைப்பு சேற்றில் விழுந்தது.

வாச்சர் வானத்தைப் பார்த்தாள். “அம்மே, சமயம் ஆயி. போலாம்.”

“இருடி” என்றார் அம்மா தலையைத் திருப்பாமல். “அது இன்னும் குழியை மூடலை.”