அல்போன்ஸ் பாஸின் சிவப்புக் கோடு

கதவுக்குப் பிணைச்சல் வாங்க ஹட்டன் இரும்புக்கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடப் பை அளவில் ஒரு வெல்டிங் மெஷினை எடுத்துவைத்தார் கடைக்காரர். பொத்தானை அழுத்தினால் எண் ஒளிர்கிறது. மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் தானே சமாளித்துக்கொள்ளுமாம். ஒரு வெல்டிங் குச்சியைப் பற்றவைத்தும் காட்டினார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு அல்போன்ஸ் பாஸ்மேல் கோபம் வந்தது. செத்துப்போன மனிதர்தான். இருந்தும் வந்தது.

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில் வேலைத்தளத்துக்கு அவர்தான் தலைவர். அவருக்குக் கீழே நான் வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். மெஷின் ஒரு அலுமாரி அளவு இருக்கும். மேலே உள்ள கைப்பிடியைச் சுற்றினால் பக்கத்துப் பிளவில் ஒரு முள் எண்களின்மேல் ஏறி இறங்கும்; எண் ஏறினால் சூடு ஏறும். நூற்றுப்பத்தில் அல்போன்ஸ் பாஸ் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டிருந்தார். முள்ளை அதைவிட்டு நகர்த்த அவரைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை.

அங்கே எதுவும் காய்ந்திருக்காது. வெல்டிங் குச்சிகூடப் பனியில் நமுத்துப்போகும். தேயிலை காயும் அறைச் சுவரோடு சாத்தி அவற்றைக் காயவைப்பேன். தேயிலையில் குச்சி மணக்கிறது என்று அதற்கும் திட்டினார். அவர் திட்டாத ஒரு கிழமையைச் சொல்லச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்வேன். ஞாயிறு எனக்கு லீவு.

கோளாறும் அந்த ஞாயிற்றில்தான். கொழுந்து வராத நாள் என்பதால் தொழிற்சாலை சும்மா கிடக்கும், மின்சாரம் முழுப்பலத்தோடு வரும். கோட்டை அவர் போட்டது அப்படி ஒரு ஞாயிற்றில். மற்ற நாட்களில் காற்றாடிகளும் கொழுந்தரைக்கும் உருளைகளும் ஓடுவதால் மின்சாரம் தளர்ந்துவிடும். அப்போது அதே நூற்றுப்பத்தில் குச்சி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டு மெழுகு சொட்டியது போல மேலே உட்கார்ந்திருக்கும், உள்ளே பிடித்திருக்காது. அவரிடம் இதைச் சொன்னேன்.

"குச்சி ஒட்டுதுன்னா கை சரியில்லைன்னு அர்த்தம். மெஷினக் கொற சொல்லாத" என்றார்.

கிழமை சொல்லாமல் எனக்குக் கதை சொல்லத் தெரியாது. ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய். கீழ்மலைக்குப் போகும் வழியில் ஓடைப் பாலம் வெள்ளத்தில் போய்விட்டதால் புதிதாக இரும்புச் சட்டம் செய்தோம். நீளம் போதவில்லை. இரண்டு துண்டுகளை நடுவில் ஒட்டவேண்டியிருந்தது. கொழுந்துச் சுமையோடு பெண்கள் நடக்கப்போகும் சட்டம். அவர்களில் ஒருத்தி என் மனைவி லெட்சுமி. நான் கைப்பிடியைச் சுற்றி முள்ளை மேலே ஏற்றினேன். அவர் வந்து என் கையைத் தட்டிவிட்டு, முள்ளைக் கோட்டுக்கே இறக்கி, குச்சி பிடிக்கும் ஹோல்டரைப் பிடுங்கித் தானே ஒட்டினார். மேலே பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் சட்டத்தை ஓடைக்கரையில் இறக்கினார்கள். பெண்கள் கூடையோடு காத்துநின்றார்கள். நான் சம்மட்டியை எடுத்து ஒட்டின்மேல் ஒரே போடு போட்டேன். இரண்டாகப் போனது. உள்ளே பழைய துரு அப்படியே தெரிந்தது. எல்லோரையும் பார்க்கச் சொன்னேன். அல்போன்ஸ் பாஸ் குனிந்தே பார்க்கவில்லை.

"சம்மட்டியால அடிச்சா எதுதாங்க நிக்கும்?" என்று பெண்களிடம் கேட்டார்.

அவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. மழை விடும்வரை ரோட்டு வழியாகச் சுற்றி நடக்கவேண்டியவர்கள் அவர்கள். "பாலத்த ஒடைச்ச புண்ணியவானே, எங்க கூடையயும் நீயே தூக்கிட்டு வா" என்றாள் ஒருத்தி. லெட்சுமி என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவர்களோடு நடந்தாள். அந்த வாரமே என்னை வேலைத்தளத்திலிருந்து எடுத்துத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட மலைக்கு அனுப்பினார்கள்.

மழை விட்டதும் அல்போன்ஸ் பாஸ் அந்தச் சட்டத்தை மறுபடி ஒட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குக்கூடப் போகாமல். முள் அதே நூற்றுப்பத்தில். பிடிக்காமல் என்ன செய்யும்? கோடு சரி, என் கைதான் சரியில்லை என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. நான் சொன்னது அவருக்குப் புரிந்திருந்தது. புரிந்ததால்தான் ஞாயிறு. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவருடைய செத்த வீட்டிலும் அந்தப் பாலத்தைத்தான் புகழ்ந்தார்கள். கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது தொழிற்சாலை பூட்டிக்கிடக்கிறது. கீழ்மலை காடாகிவிட்டது, ஓடையைக் கடக்க யாருக்கும் வேலையில்லை. போன மாதம் பழைய இரும்பு வாங்குகிறவன் சட்டத்தைக் கழற்றி லொறியில் ஏற்றியபோது லெட்சுமி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நடுவுல ஒரு கீறல்கூட இல்லீங்க" என்றாள்.

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.