ஷெல்லுக்கு ஒழும்பிய கொம்பியூட்டர்

எனக்குப் பொறுமை குறைவு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு மவுஸோடு நாள்கணக்காக நான் போட்ட சண்டையைக் கேட்டுவிட்டு, இந்த மனுசிக்கு என்ன பைத்தியமா என்று நினைப்பீர்கள்.

வாகரைப் பக்கம் சண்டை நடந்த மாதங்கள் அவை. கதிரவெளியிலும் அதைச் சுற்றியும் இருந்த சனங்கள் காடும் ஆறும் தாண்டி வந்து, மட்டக்களப்புப் பக்கத்து முகாம்களில் ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். வாவிக்கரையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நிவாரண அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே நான் லிகிதர். எந்த முகாமில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்துக் கொம்பியூட்டரில் வைப்பது என் வேலை. பிரிந்துபோனவர்களைத் தேடி வருகிறவர்களுக்கு அதில் பார்த்துச் சொல்வேன்.

கரண்ட் இல்லை. எங்களுக்கு வாய்த்தது ஒரு லொறிப் பற்றரியும் ஒரு இன்வேட்டரும். கூட வேலை செய்த காத்தான்குடி முஸ்லிம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் காலையில் அரிசி ஆலை ஜெனரேற்றரில் சார்ஜ் ஏற்றிய பற்றரியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். பிறகு முகாம் முகாமாகப் போய், புதிய பட்டியல்களைப் பென் டிரைவில் எடுத்து வருவார். கொம்பியூட்டர் முழித்திருந்தால் அந்தப் பற்றரி இரண்டு மணித்தியாலம் தாங்கும். உறங்க வைத்தால் பொழுதுபடும் வரை தாங்கும். ஒரேயடியாக அணைக்கலாமே என்பீர்கள். அணைத்தால் அது திரும்ப வருமா வராதா என்பது கடவுளுக்குத்தான் தெரியும். அவ்வளவு பழசு. அதனால் வேலை இல்லாத நேரமெல்லாம் உறக்கம்தான்.

ஆனால் உறங்க விட்டால்தானே? ஆமிக் காம்பிலிருந்து வாகரைப் பக்கம் ஷெல் அடிப்பார்கள். எங்கள் மாடிக்குப் பலகைத் தளம். ஒரு ஷெல் புறப்பட்டால் பலகை அதிரும், மேசை அதிரும், மேசையில் கிடக்கிற மவுஸ் ஒரு மயிரிழை அசையும். உடனே கொம்பியூட்டர் முழித்துக்கொள்ளும். முதல்தரம் அதைக் கண்டபோது எனக்கு உடம்பு புல்லரித்துப்போனது. யாரும் கிட்டப் போகவில்லை. கறுத்துக் கிடந்த திரை தானாக வெளிச்சமானது.

நானா இரண்டடி பின்னால் போனார். "அல்லாஹ்வே! இதுக்கும் பயம் புடிச்சிட்டு தங்கச்சி!"

அந்த வியப்பு ஒரு நாளுக்குத்தான். மறுநாள் மத்தியானமே பற்றரி செத்துப்போனது. அதற்குப் பிறகு வந்தது எரிச்சல். நாசமாய்ப்போன மவுஸே, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நீதானா என்று திட்டினேன். அதைத் தலைகீழாகப் புரட்டி வைத்தேன். சிவப்பு வெளிச்சம் மேலே தெரிய மல்லாந்து கிடந்தது. ஒரு ஈ வந்து அதில் ஊர்ந்தது, கொம்பியூட்டர் முழித்தது. துவாயை நாலாக மடித்து மவுஸை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அதற்கும் முழித்தது. கோபத்தில் வயரைப் பிடுங்கினேன். திரும்பக் கொழுவினால் அம்புக்குறி அசையவே இல்லை. அணைத்துப் போட்டு எழுப்ப வேண்டி வந்தது. காலையில் இருந்து அடித்த பட்டியல் முழுக்கப் போய்விட்டது. சேமித்து வைக்காதது என் பிழை. அன்றைக்கு அதையும் மவுஸின் தலையில்தான் போட்டேன்.

அந்த வாரத்தில்தான் கதிரவெளி அக்கா வந்தார். ஒன்பது வயது மகளை ஐந்து நாளைக்கு முன்னர் ஆற்றங்கரைச் சன நெரிசலில் தவறவிட்டிருந்தார். முகாம்களுக்கு நேரே போய்த் தேட வழியில்லை. ஒரு முகாமுக்குப் போக அனுமதி எடுக்கவே நாட்கணக்காகும். அதற்குள் அங்கே இருக்கிற சனத்தை பஸ்ஸில் ஏற்றி வேறு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளை எங்கே என்று தெரிந்தால்தான் அந்த ஒரு அனுமதியைச் சரியான இடத்துக்கு எடுக்கலாம். இருந்த பட்டியல்களில் பிள்ளை இல்லை. மிச்சம் சித்தாண்டி முகாம் பட்டியல் மட்டும்தான். நானா அதைக் கொண்டுவந்து பென் டிரைவைக் கொழுவும்போது, இன்வேட்டர் கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. அன்று முழுக்கச் சரமாரியாக ஷெல்.

"நாளைக்கு வாங்க அக்கா" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"நான் இவடத்தயே இருக்கன் புள்ள. கதவு பூட்டுற நேரம் போறன்" என்றார் அவர். அப்படியே இருந்தார்.

அடுத்த நாள் காலையில் நான் வருமுன்னமே, பற்றரியை வைத்துவிட்டு இருந்த ஒரே பென் டிரைவோடு நானா சித்தாண்டிக்குத் திரும்பவும் போய்விட்டார். முந்தின நாள் இரவு இன்னும் கொஞ்சச் சனம் அங்கே வந்திருக்கிறதாம், புதிய பட்டியல் தருவார்களாம். அக்கா விடியவே வந்து அதே கதிரையில் இருந்தார். முதல் ஷெல்லுக்குத் திரை வெளிச்சமானது. அவர் அதைப் பார்த்தார், பிறகு பற்றரியைப் பார்த்தார். என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது.

"கோதாரி! இண்டைக்கு நீயா நானா எண்டு பாப்பம்" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். கொம்பியூட்டருக்குள் இருந்த கதவு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, ஆத்திரம்தான் வழிகாட்டியது. கருவிகளின் வரிசையில் மவுஸ் இருந்தது. அதைத் தட்டினால் பல பக்கங்கள். மின்சாரம் பற்றிய கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சின்னக் கட்டம், அதற்குள் ஒரு சரி அடையாளம். கொம்பியூட்டரை உறக்கத்திலிருந்து எழுப்ப இந்தக் கருவிக்கு அனுமதி என்று பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அட கடவுளே! இத்தனை நாளும் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது நாங்களா?

அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிட்டேன். கொம்பியூட்டரை உறங்க வைத்தேன். பிறகு ஷெல்லுக்காகக் காத்திருந்தேன். எப்போது அடிப்பான் என்று ஆசையோடு நான் காத்திருந்தது என் ஆயுளில் அந்த ஒரு நாள்தான்.

அடித்தான். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. தேத்தண்ணிக் கோப்பை தட்டத்தில் ஆடியது. மவுஸ் அசைந்தது, என் கண்ணாலேயே கண்டேன். திரை கறுப்பாகவே இருந்தது.

இரண்டாவது ஷெல். மூன்றாவது. வெளியே வாவித் தண்ணீரும் சிலிர்த்தது, கரையில் நின்ற கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. கொம்பியூட்டர் உறங்கியது. மவுஸைக் கையால் பிடித்து மேசை முழுக்க இழுத்தேன். அப்போதும் அது முழிக்கவில்லை. பெற்ற பிள்ளை முதன்முதலாக விடிய விடிய உறங்கியதைப் பார்த்த தாய்க்கு இருக்கிற மாதிரி எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த வருடம் மட்டக்களப்பில் அப்படி உறங்கியவர்கள் யாருமே இல்லை. ஒரு கடுகளவு அடையாளத்தை எடுத்ததற்கு இவ்வளவு பெரிய அமைதியா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அக்கா எழும்பி வந்தார். "என்ன புள்ள செஞ்ச நீ?"

"ஒழுப்பக் கூடாதெண்டு மவுஸுக்குச் சொல்லிட்டன் அக்கா."

"சொன்னாக் கேக்குதா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நெடுநேரம் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் மூன்று மணிக்கு நானா வந்தார். விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினேன், திரை வந்தது. இன்வேட்டரில் பச்சை வெளிச்சம் இன்னும் எரிந்தது. பென் டிரைவைக் கொழுவிப் பிள்ளையின் பெயரை அடித்துத் தேடினேன். இல்லை. கதிரவெளி அக்காவின் பெயரை அடித்தேன். அதுவும் இல்லை.

மற்ற நாளாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். பற்றரி முடிகிறதென்று இன்வேட்டரில் எரிகிற சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, "இல்லை அக்கா" என்று சொல்லியிருப்பேன். சித்தாண்டிப் பட்டியலில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். பிள்ளைகள் வெறும் வயதும் எண்ணிக்கையும். தனியே வந்த பிள்ளை யாருடைய வரியில் ஒதுங்கியிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

"பச்சை எரியுதுதானே தங்கச்சி, மேல இருந்து வாசிங்க" என்றார் நானா.

வரி வரியாக வாசித்தேன். அக்கா என் கதிரைக்குப் பின்னால் நின்றார். ஷெல் அடித்தது, நாங்கள் மூன்று பேரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு பெண்ணின் பெயர், பிள்ளைகள் நாலு. குறிப்பு என்ற இடத்தில், மற்ற வரிகளில் வெறுமையாக இருந்த இடத்தில், ஏதோ எழுதியிருந்தது.

எங்கள் பக்கத்தில் குடி என்றால் தாய்வழி வம்சம், பிள்ளைக்குத் தாயின் குடிதான் குடி. கோயில் முறையும் கல்யாணமும் அதை வைத்துத்தான். நிவாரணப் படிவத்தில் அதைக் கேட்க இடமில்லை. ஆனால் சித்தாண்டியில் பதிந்தவர் எங்கள் ஊர் மனுசர். என்ன குடி என்று கேட்காமல் ஒரு பிள்ளையோடு பேசி முடிக்க அவருக்கு வந்திருக்காது.

சத்தமாக வாசித்தேன். "இதில் ஒரு பிள்ளை தனியே வந்தது. பெண். வயது ஒன்பது. ஊர் கதிரவெளி." பிறகு குடியின் பெயரை வாசித்தேன். அக்காவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது, நகம் பதிந்தது.

இன்னும் மூன்று சொல் இருந்தது. அதையும் வாசித்தேன். "காலில் செருப்பு இல்லை."

"ஓம் புள்ள" என்றார் அக்கா. "ஆத்துல இறங்கக்குள்ள அவள்ட செருப்ப நான் வாங்கிட்டன். செருப்பு என்னட்டத்தான் இரிக்கி."

பையைத் திறந்து இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார். ஆற்றுச் சேறு அவற்றில் அப்படியே காய்ந்திருந்தது.