மஞ்சள் விளக்கும் தம்பியின் மைலேஜும்

இங்கே நார்வேயில், பனிக்காலம் முழுக்க, என் வீட்டருகே வளைவில் திரும்பும்போதெல்லாம் காரின் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு சிமிட்டும். ஸ்டியரிங் திரும்பிய திசை ஒன்று, கார் போகும் திசை வேறு என்று தெரிந்ததும் வண்டியே ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிரேக் பிடித்து, எஞ்சினையும் அடக்கி, என்னைப் பாதைக்கு இழுத்துவிடுகிறது. ஐந்து வருடமாகியும் எனக்கு இது கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்த ஊரில் லைசென்ஸ் வாங்க வழுக்குத் தளத்தில் ஓட்டிப் பழக வேண்டும். அன்று கார் சுழன்றபோது நான் செய்த முதல் காரியம் ஹாரன் அடித்தது. மயிலாப்பூர் மாட வீதியில் பழகிய கை. “யாரைக் கூப்பிட்டீர்கள்?” என்று பயிற்சியாளர் உண்மையான சந்தேகத்தோடு கேட்டார். யாரையும் இல்லை என்றேன். அவர் வெற்றுத் தளத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வடபழனியில் வாடகைக் கார் ஓட்டும் என் தம்பி சேகர் புது வண்டி எடுத்தபோது, கூரைக் கண்ணாடி வேண்டாம், இந்த வசதி இருக்கிற மாடல்தான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்க வைத்தேன். போன மழைக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, அவன் வண்டியில் அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பட்டினப்பாக்கம் போனோம். வளைவில் வண்டியின் பின்பக்கம் விலகிச் சுழன்று, ஒரு மீன்கடைக் குடைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அம்மாவின் நெற்றி முன்சீட்டில் இடித்து வீங்கிவிட்டது. மஞ்சள் விளக்கு சிமிட்டவில்லை, நிலையாக எரிந்துகொண்டிருந்தது.

“இது ஏன்டா எரியுது?”

“காலைல வண்டி எடுத்ததுமே நான்தான்க்கா அமுக்கி ஆஃப் பண்ணிடுவேன். ஏசி மாரிதான் அதுவும். அணைச்சா மைலேஜ் கெடைக்கும்.”

இறங்கிப் பார்த்தால் டயர் மொட்டை. இருக்கிற பிடியைத்தான் அந்த வசதி காப்பாற்றும், இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்?

“இன்னா நைனா, கடைக்குள்ளயே வண்டிய வுட்டுருவ போல கீதே” என்றாள் மீன்காரம்மா. சேகர் சிரித்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அம்மாவும் சிரித்தாள். அவர்கள்மேல் வந்த அருவருப்பு கொஞ்சம்தான். வாங்க வைத்ததைப் பத்துப் பேரிடம் பெருமை பேசிவிட்டு, அந்தப் பொத்தானைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாத என்மேல்தான் அதிகம்.

இப்போது சென்னையில் மழை என்றால் உடனே போன் செய்துவிடுகிறேன். நேற்றும் காரிலிருந்தே பேசினேன்.

“அத அமுக்கலையே?”

“இல்லக்கா, சத்தியமா.”

“டயரு?”

“அடுத்த மாசம் மாத்திடறேன். அம்மாவ கோயிலுக்குக் கூட்டிக்கினு போறேன், அப்றம் பேசறேன்.”

வளைவு வந்தது. விளக்கு சிமிட்டியது. என் கார் தானாக நேராகிவிட்டது. ஆளே இல்லாத பனிச்சாலையில் என் கை மட்டும் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது.