தாயம்மா முகம் ஒட்டிய கீரை

எங்கள் தாமான் குடியிருப்பில் தாயம்மாக்காவைப் பிடிக்காதவர்களே அதிகம். எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்கள் இங்கே குடிவந்த வாரமே, கூப்பிடாமல் என் வீட்டுக்குள் நுழைந்தார். அடுப்படியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்த வெள்ளைக் கேனை வாசலுக்கு இழுத்துப்போட்டு, பாராங்கத்தியால் இரண்டாகப் பிளந்தார். சமையலுக்கு வைத்திருந்த தண்ணீர் முழுக்க ரோட்டில் ஓடியது.

"எங்கருந்து வந்துச்சு இது?"

"எஸ்டேட் ஸ்டோர்லருந்து எங்க வீட்டுக்காரரு கொண்டாந்தாரு. மணல் போட்டு நாலு தடவ தேச்சுக் கழுவிட்டோம்க்கா."

"நாப்பது தடவ தேச்சாலும் அது புல்லுக்கு அடிக்கிற மருந்து கேன்தான். இந்தத் தண்ணியிலயா புள்ளைங்களுக்குச் சோறாக்குற?"

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். லயத்தில் எல்லார் வீட்டிலும் அந்தக் கேன்தான். மருந்து தீர்ந்ததும் கழுவி எடுத்துக்கொள்வோம். கெட்டியான பிளாஸ்டிக், சும்மா கிடைக்கிறது, யாருக்கு விட மனசு வரும்? அதன் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கையை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆபீசில் இருந்தார்கள். அவர்கள் ஒருநாளும் லயத்துப் பக்கம் வந்து அதை எங்களுக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கடையில் வாங்கிய புதுக் கேன் ஒன்று என் வாசலில் இருந்தது. அதன்பின் கரப்பான் மருந்தைத் தட்டு அடுக்கும் இடத்தில் அடித்ததற்கும், கொசுவத்தியைத் தொட்டிலுக்கு அடியில் வைத்ததற்கும் தனித்தனியாகத் திட்டு வாங்கினேன்.

திட்டுவதற்கு அவருக்கு உரிமை இருந்தது. எங்கள் எஸ்டேட்டின் செம்பனைக் காட்டில் எனக்கு முன்பே பத்தொன்பது வருடம் முதுகில் பம்பு கட்டி மருந்து அடித்தவர். கையுறை கொடுத்தார்கள், ஒரே ஒரு முறை. அது கிழிந்த பிறகு கேட்டதற்கு, "ஒனக்கு என்ன கல்யாணமா, கையில மருதாணி அழிஞ்சிருமா?" என்று வேலை வாங்கும் மண்டோர் சிரித்தானாம். முகத்துக்குக் கட்டியது பழைய துண்டு. மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து நின்றுவிட்டு மறுபடி அடிப்பார்கள். வலது கையில் மூன்று விரல்களுக்கு நகம் போனது போனதுதான். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்தன. மருந்தினால்தான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்காததெல்லாம் நடக்காததாகிவிடுமா? இதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு நிமல் வந்தான். எங்கள் எஸ்டேட்டில் ஆட்களின் பேரைப் பதியும் கிராணியாக இருந்த பொன்னம்பலத்தின் பேரன். கோலாலம்பூரில் பார்த்த இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு, ஜெராம் போகும் சாலையில் நான்கு ஏக்கர் எடுத்து ஆர்கானிக் காய்கறித் தோட்டம் போட்டான். தாமானிலிருந்து எட்டுப் பெண்களுக்கு வேலை கிடைத்தது. நானும் தாயம்மாக்காவும் கீரை, பயற்றங்காய் கட்டி, பையில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டும் மேசையில் இருந்தோம்.

நிமலைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். முதல் இரண்டு வருடம் உண்மையாகவே ஒரு சொட்டு மருந்து கிடையாது. எங்களோடு குந்தி உட்கார்ந்து அவனும் புழு பொறுக்கினான். தாயம்மாக்காவின் கதையைக் கேட்டதும் அவன் கண் கலங்கியது. அடுத்த மாதமே ஸ்டிக்கரில் அவர் படம் வந்துவிட்டது. தலையில் துண்டு கட்டி, கையில் ஒரு பிடி கீரையோடு சிரிக்கிற படம். கீழே மூன்று மொழிகளில், 'அன்று மருந்து அடித்தவர், இன்று விஷமில்லாமல் விளைவிக்கிறார்' என்று எழுதியிருந்தது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு ரவாங், கோலாலம்பூர் பக்கமிருந்து குடும்பங்கள் காரில் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். அக்கா எழுந்து நின்று தன் கதையைச் சொல்லுவார். கேட்டவர்கள் இரண்டு பை அதிகமாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

மூன்றாம் வருடம் நவம்பர் மழை விடாமல் அடித்தது. பாத்திகள் மூழ்கின. சூப்பர்மார்க்கெட்டுக்கு ஒப்புக்கொண்ட சரக்கு நிற்கக் கூடாது என்று, நிமல் எங்கிருந்தோ காய்கறி வரவழைத்தான். லோரி காலை ஆறு மணிக்கு வரும். கொட்டகைச் சாவி என்னிடம் இருந்ததால் நான்தான் திறந்து, கையெழுத்துப் போட்டு இறக்குவேன். "மூணு வாரம்தான், புஷ்பாக்கா. மத்தவங்களுக்குத் தெரிய வேணாம், ப்ளீஸ் லா," என்றான். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது நாளே அக்காவின் விரல்கள் வெடிக்க ஆரம்பித்தன. நகமில்லாத இடத்தில் தோல் சிவந்து உரிந்தது. ஒரு பயற்றங்காயை எடுத்து மோந்து பார்த்தார். மற்றவர்களுக்கு அதில் பச்சை வாசம்தான் வரும். மருந்துக்குள்ளேயே பத்தொன்பது வருடம் மூச்சு விட்டவருக்கு வேறு வாசம் வந்தது.

"புஷ்பா, இது எந்தப் பாத்தியில அறுத்தது?"

"ரெண்டாவது பாத்திக்கா," என்றேன்.

எழுந்து போய் இரண்டாவது பாத்தியைப் பார்த்தார். அங்கே முழங்கால் தண்ணீரில் அழுகிய கொடிதான் கிடந்தது. திரும்பி வந்து என்னைத் திட்டினார். அந்தத் திட்டை இங்கே எழுத முடியாது. பிறகு நேராக நிமலிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"நம்மகிட்ட சர்ட்டிபிகேட் இருக்கு, ஆன்ட்டி," என்றான் அவன்.

"எங்கிட்ட கை இருக்கு தம்பி. பாருங்க."

அந்த விரல்களைப் பார்த்தான். பிறகு ஒப்புக்கொண்டான். மழை நின்றதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

"நீங்க எதையாச்சும் வாங்கி வித்துக்கங்க. என் மூஞ்சிய எடுத்துட்டு வில்லுங்க."

"ஸ்டிக்கர் எல்லாம் பிரிண்ட் பண்ணியாச்சு. அதப் பாத்துத்தான் ஜனங்க வாங்குறாங்க."

"அதனாலதான் எடுக்கச் சொல்றேன்."

அவன் எடுக்கவில்லை. விஷயம் கசிந்ததும் மற்றப் பெண்கள் எல்லாம் அக்காவைச் சுற்றிக்கொண்டார்கள். அவர்களில் வேலம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒனக்கு ஒரு வயிறு. என் வீட்ல அஞ்சு வயிறு. வாயத் தொறந்து எங்க சோத்துல மண்ணப் போட்டுறாதக்கா." வேலையை விட்டுப் போவது அக்காவுக்கு ஒரு நிமிட வேலை. போனாலும் முகம் பையில் சிரித்துக்கொண்டே இருக்கும், அதை நம்பித் தாய்மார்கள் வாங்குவார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிறு ஒன்பது கார்கள் வந்தன. அக்கா எழுந்து நிற்பதற்குள் ஒரு சின்னப் பெண் கூடையிலிருந்து பயற்றங்காயை எடுத்துக் கடிக்கப் போனாள். ஆர்கானிக்தானே, கழுவாமலே சாப்பிடலாம் என்று அவளுடைய அம்மா சிரித்தாள். அக்கா காயைப் பிடுங்கினார். பிள்ளை அழுதது.

"இது எங்க தோட்டத்துக் காய் இல்ல. மருந்து அடிச்ச காய். கொஞ்ச நாளா வெளியிலருந்து வருது. பையில இருக்கிறது என் மூஞ்சி, அதனால நான் சொல்றேன். வாங்காதீங்க."

நிமல் ஓடிவந்தான். ஆன்ட்டிக்கு வயசாகிவிட்டது, குழம்பிப் போயிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "அது பழைய எஸ்டேட் காயம்," என்றான். வந்தவர்கள் அவனுடைய சட்டையைப் பார்த்தார்கள், அக்காவின் துண்டைப் பார்த்தார்கள், அவனை நம்பினார்கள். ஒருத்தி "பாவம்" என்றுகூடச் சொன்னாள். அந்த ஒரு சொல்தான் எனக்குத் தாளவில்லை.

"ஆறு மணிக்கு லோரி வருது. நான்தான் கையெழுத்துப் போட்டு எறக்குறேன். சீட்டு எல்லாம் கொட்டகையில இருக்கு, வந்து பாருங்க," என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஆனாலும் நடந்துபோய்ச் சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து அந்தத் தாயின் கையில் கொடுத்தேன். ஒன்பது கார்களும் வெறுமனே திரும்பிப் போயின.

"எங்க தாத்தா ஒங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு, ஆன்ட்டி," என்றான் நிமல்.

"ஒங்க தாத்தா பேரு எழுதுனாரு தம்பி. மருந்து அடிச்சது நாங்க."

"நாளையிலருந்து ரெண்டு பேரும் வர வேணாம்."

"வருவேன். என் மூஞ்சி பையில ஒட்டி இங்கருந்து வெளிய போற வரைக்கும் நானும் வருவேன்."

சொன்னபடி வந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே, சாலையோரமாக, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். படத்தில் இருப்பதைப் போலவே தலையில் துண்டு. வருகிற லோரிக்காரனுக்கும் சரக்கெடுக்க வருகிறவனுக்கும் பழைய பை ஒன்றைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டுவார். "இது நான்தான். நான் வாங்காதன்னு சொல்றேன்." வேலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டு, சாலையோரத்தில் உட்கார்ந்திருப்பதற்கெல்லாம் என்ன கேஸ் போடுவது என்று போய்விட்டார். மூன்றாம் நாளிலிருந்து நானும் ஒரு நாற்காலி கொண்டுபோனேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் நிமல் வெளியே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கையில் இருந்த ஸ்டிக்கர் சுருள்களை அக்காவின் மடியில் வைத்தான்.

"எல்லாம் இவ்வளவுதான், ஆன்ட்டி. ஒண்ணுகூட மிச்சம் இல்ல. வீட்டுக்குப் போங்க."

அக்கா சுருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"இது ஒட்டாதது. ஒட்டி வித்தது?"

நிமல் கேட் பக்கம் திரும்பினான்.

"அதத் தின்னவங்களுக்கு யாரு சொல்லுவா?"

அக்கா சுருள்களை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்குத்தான் கிளம்புகிறார் என்று நானும் எழுந்தேன். அவர் நாற்காலியைச் சாலையோரத்திலிருந்து இழுத்துக்கொண்டுபோய், கேட்டுக்கு நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தார்.