முதுகு மட்டும் தெரிந்த படம்

ஏரிக்கரை பங்களாவுக்குள் இஸ்திரிக்காரி முன்வாசல் வழியாகப் போனது அன்றுதான் முதல் தடவை. இளவயது முழுக்க அங்கே உழைத்தவள். பழக்கதோஷத்தில் கால் பின்பக்கமே போனது. காவலாளி கூப்பிட்டு, டிக்கெட் வாங்கினவர்களுக்கு முன்வாசல்தான் என்றான். அந்த மரியாதை அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பங்களா அருங்காட்சியகமானதிலிருந்தே மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். படகுத்துறையில் எடுத்த பழைய படங்களை உள்ளே மாட்டியிருக்கிறார்களாம். மகளின் அப்பா அங்கே படகு ஓட்டியவர். மகள் வயிற்றில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார் மனுஷர். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்பா எப்படி இருப்பார் என்று மகள் கேட்கும்போதெல்லாம், "உன்னை உரிச்சு வச்ச மாதிரி இருப்பாரு" என்பாள் இஸ்திரிக்காரி. சொல்லிச் சொல்லி, அவரை நினைத்தாலே மகளின் முகம்தான் வந்து நின்றது. அவருடைய முகம் எப்போதோ மறந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றுதான் மகளோடு கிளம்பி வந்தாள்.

உள்ளே எல்லாவற்றையும் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். முதலாளியின் நாற்காலி, முதலாளியம்மாவின் விசிறி, நாய் தண்ணீர் குடித்த கிண்ணம். நாயின் பெயரைக்கூட எழுதி வைத்திருந்தார்கள். மேஜைவிரிப்பு கசங்கிக் கிடந்ததைப் பார்த்து இவளுக்குக் கை பரபரத்தது.

கடைசி அறையில், சுவர் முழுக்க அந்தப் படம். படகில் முதலாளி குடும்பம், மடியில் நாய். படகின் கோடியில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஏரியைப் பார்த்து நிற்கிறார். முதுகு மட்டும்தான் தெரிகிறது. சட்டைத் தோளில் ஓர் ஒட்டு. அவள் தைத்த ஒட்டு.

அந்த வீட்டில் அது சட்டம். காமிராவைத் தூக்கினால் வேலைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இந்தப் படம் எடுத்த அன்று அவர் அதை மறந்து, ஈயென்று இளித்துக்கொண்டு நின்றார். காமிராவுக்குப் பின்னால் துண்டுகளோடு நின்றது இவள்தான். வேலை போய்விடுமே என்று பதறி, கண்ணை உருட்டி, அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஒரு நாளும் இவள் பேச்சைக் கேட்காத ஆள், அன்றைக்கென்று பார்த்துக் கேட்டுத் தொலைத்தார்.

"ஏம்மா அந்தப் பக்கம் பார்த்துட்டு நிக்கிறாரு?" என்றாள் மகள்.

"வெயிலு. கண்ணு கூசியிருக்கும்."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்பா பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு போனைத் தூக்கினாள். இஸ்திரிக்காரியின் முகம் தானாகச் சுவர்ப்பக்கம் போய்விட்டது.

"அம்மா, மூஞ்சியே தெரியல. இங்க பாரும்மா."

அவள் காதில் அது விழவில்லை. அந்த ஒட்டின் மேல் கையை வைத்து, "ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் பாருங்களேன்" என்று கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.