உத்திரமேரூரிலிருந்து மாகறல் வரை நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

உத்திரமேரூருக்குப் பலரும் கல்வெட்டுப் பார்க்கப் போகிறார்கள். நான் போனது ஓடிப் பார்க்க. எண்பதுகளின் தொடக்கம், தை மாதம். அதற்கு முன் இரண்டு மாரத்தான் பந்தயங்களில் முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டேன். "முழுத் தூரத்தையும் ஒருதடவை ஓடிக் காட்டு. இல்லேன்னா ஐயாயிரம் மீட்டருக்கே திரும்பிடு" என்றார் பயிற்சியாளர். கூட்டமில்லாத சமதளச் சாலை வேண்டும். தோழி மல்லிகா தன் சொந்த ஊருக்கே அழைத்துப் போனாள்.

காஞ்சிபுரத்திலிருந்து 28 கி.மீ.; பஸ்ஸில் ஒரு மணி நேரம், டிக்கெட் இரண்டு ரூபாய். உத்திரமேரூரிலிருந்து மாகறல் 14 கி.மீ. போய், வந்து, மறுபடி போனால் 42. மிச்சமுள்ள 195 மீட்டரை மாகறலில் செய்யாற்றுப் பக்கம் ஓடிக்கொள்ளலாம். (கணக்கெல்லாம் மல்லிகாவுடையது. எனக்கு ஓட மட்டும்தான் தெரியும்.)

காலை 5.30க்குக் கிளம்பினேன். மல்லிகா வாடகை சைக்கிளில் பின்னால் வந்தாள். கையில் கடிகாரம், கூடையில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. மாகறலைத் தொட்டுத் திரும்பியபோது மணி 6.29. சற்று நேரத்தில் பின்னால் வந்த பஸ் வேகம் குறைந்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, பஸ்ஸை வுட்டுட்டியா? ஏறிக்க!"

"இல்லண்ணே, ஓடணும்!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கும்தான்.

மூன்றாவது சுற்றில், சரியாக 8 மணிக்கு, அதே முப்பத்தைந்தில் தொடை இறுகிவிட்டது. நின்றேன். சாலையோரம் குனிந்து அழுதேன். பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் முழங்கால் சேற்றோடு ஏறி வந்தார். காசியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"இன்னாத்துக்கும்மா இப்டி ஓடியாற? யார்னா தொரத்துறாங்களா?"

"மாகறல் வரிக்கும் ஓடி முடிக்கணும்க்கா. முடிச்சாத்தான் பந்தயத்துக்குப் போவலாம்" என்றாள் மல்லிகா.

"எங்க ஊருக்கா வர்ற? அப்ப வழியில குந்திக்கினு அழுவுறது இன்னாத்துக்கு? வா!"

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அவரே முன்னால் ஓட ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காலும் நகர்ந்தது. ஒரு பர்லாங்கு சேர்ந்து ஓடினோம். அப்போது உத்திரமேரூர் போய்த் திரும்பிய அதே பஸ் வந்தது. காசியம்மாள் அதை மறித்து ஏறி, "நான் முன்னாடி போறேன், நீ வந்து சேரு!" என்று கத்தினார்.

மாகறலுக்குள் நுழைந்தேன். தெருவே திரண்டு நின்றது. கடைசி 195 மீட்டரும் ஊர் கூடவே ஓடியது. மணி 8.38. மூன்று மணி எட்டு நிமிடம்!

"நம்ம ஊருக்கு வர்றதுக்கு நாப்பத்திரண்டு கிலோமீட்டரு ஓடியாந்துகீது இந்தப் பொண்ணு!" என்று காசியம்மாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. மூன்று சொம்பு மோர் குடித்தேன்.

அதன் பிறகு ஏழு ஆண்டுகளில் பதினான்கு மாரத்தான் ஓடினேன். நான்கில் முதலிடம். எதிலும் பாதியில் நின்றதில்லை.

அந்தப் பக்கம் ஓடப் போகிறவர்களுக்கு: தை மாதம் நல்லது. ஆறு மணிக்குள் கிளம்புங்கள், எட்டுக்கு மேல் வெயில் ஏறிவிடும். தண்ணீரோடு ஒருவர் கூட வரட்டும். வயலிலிருந்து யாராவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், நின்று பதில் சொல்லுங்கள். நான் அப்படி நின்ற மூன்று நிமிடத்தில்தான் மாரத்தான் ஓட்டக்காரி ஆனேன்.