அக்காவின் இடுப்பளவு

தையல்காரிக்குத் தன் அக்காவைக் கண்டால் ஆகாது. காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று அக்கா சொல்லத் தொடங்கி இருபது வருடமாகிறது. அன்றிலிருந்து அம்மா அவளுக்கே சொந்தமாகிப்போனாள். ஜன்னலோரக் கட்டில் அக்காவுக்கு, முதல் தட்டு அக்காவுக்கு. தையல்காரிக்குக் காய்ச்சல் வந்தால், "மாத்திரை போட்டுட்டுப் படு, இருமாதே, அக்கா தூங்கறா" என்பதோடு சரி. நாற்பத்து மூன்று வயதிலும் இதைச் சொல்லிக்காட்டாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

தெருமுனையில் இருந்த அவள் கடையில் யார் துணி கொடுத்தாலும் புதிதாக அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுவாள். அக்காவுக்கு மட்டும் அளப்பதில்லை. மனநோய் மாத்திரை தொடங்கியதிலிருந்து அக்காவின் இடுப்பு ஏறிக்கொண்டேதான் போனது. அதனால் பழைய அளவோடு ஓர் இன்ச் கூட்டி வெட்டிவிடுவாள். பக்கத்தில் போய்க் கையைச் சுற்ற மனமில்லை என்பதுதான் உண்மை.

இந்த முறை தைத்த உடுப்பு அக்காவின் மேல் ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது.

"வேணும்னேதானே இப்படித் தைச்சே?" என்றாள் அம்மா. "அவமேல அவ்வளவு எரிச்சலாடி உனக்கு?"

"எரிச்சல் இருக்கு. அதைத் தையல்ல காட்ட மாட்டேன்" என்று சொல்லி டேப்பை எடுத்து அக்காவின் இடுப்பில் சுற்றினாள்.

இரண்டு மாதத்துக்கு முன் தைத்தது இடுப்பில் இறுக்கிப் பிடித்திருந்தது. இப்போது அதைவிட நாலு இன்ச் குறைவு! தையல்காரிக்கு வயிறு பற்றி எரிந்தது. டீயில் சர்க்கரையை விட்டு, விடிந்ததும் விடியாததுமாக நடையாய் நடந்தும் அவளுக்கு அரை இன்ச் கரையவில்லை. இவளோ இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள்.

"என்னக்கா பண்றே? எனக்கும் சொல்லேன்."

"ஒண்ணும் பண்ணலை. தாகமா இருக்கு. ஒண்ணுக்கு வந்துட்டே இருக்கு. கால் எரியுது."

அவள் நம்பவில்லை. ரகசியத்தைப் பிடித்தே தீருவது என்று மறுநாள் கடையைத் திறக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் அக்கா எட்டு பாட்டில் தண்ணீர் குடித்தாள். குதிகாலில் செருப்பு கடித்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லும் கதை இதேதான். தையல்காரிக்கு எரிச்சல் போய் பயம் பிடித்தது.

"அதுவும் அவ நோய்தான்" என்றாள் அம்மா. "போன தடவை முத்தினப்பவும் குழாயடியிலேயே நின்னா. நான் சொல்லாமலா இருந்தேன்? மனநோய் டாக்டர், உடம்புக்கு வேற டாக்டரைப் பாருங்கன்னார். இங்க நம்ம கிளினிக்குக்குப் போனா, இந்த டாக்டர் ஃபைலைப் பார்த்துட்டு அங்கேயே போங்கன்னார்."

தையல்காரி அக்காவைக் கையோடு கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். டாக்டர் ஃபைலைத் திறந்து இரண்டு வரி படித்தார். "இந்த நோய்ல தண்ணி நிறையக் குடிக்கிறது உண்டும்மா."

"எனக்குச் சோர்வா இருக்குன்னு வந்தப்ப மூணு குழாய் ரத்தம் எடுத்தீங்க. இவளுக்கு ஒரு சொட்டு எடுக்க மாட்டீங்களா? ரெண்டு மாசத்துல நாலு இன்ச் குறைஞ்சிருக்கா டாக்டர். என் டேப் பொய் சொல்லாது."

வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவுக்காக ஒன்று கேட்டாள். அதுவும் சண்டைக் குரலில்தான் வந்தது.

விரலில் குத்தினார்கள். சர்க்கரை எகிறிப்போயிருந்ததில் கருவி எண்ணே காட்டவில்லை, 'மிக அதிகம்' என்று மட்டும் காட்டியது. அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா நினைவு தப்பியிருக்கும்" என்றார் அங்கிருந்த டாக்டர். "இந்த மாத்திரையில எடையும் ஏறும், சர்க்கரையும் வரலாம். அப்பப்ப ரத்தம் பார்த்திருக்கணும்."

"அப்ப அந்த மாத்திரையை நிறுத்திடறேன்" என்றாள் அம்மா.

"நீங்களா நிறுத்தாதீங்க. தலைக்கு அது வேணும். உடம்பையும் சேர்த்துப் பார்க்கணும், அவ்வளவுதான்."

மூன்றாம் நாளும் அம்மா அக்காவின் கையைப் பிடித்தபடி அங்கிருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா சாப்பிடப் போனபோதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"உன்மேல எனக்கு எப்பவும் பொறாமைடி."

"என்மேலயா? என்னத்துக்கு?"

"உனக்கு வலிச்சா அது வலி. எனக்கு வலிச்சா அது கிறுக்கு."

பொறாமையாவது தனக்கு மட்டும் சொந்தம் என்று தையல்காரி இருந்தாள். அதிலும் அக்கா பங்குக்கு வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப எங்க வலிக்குது?"

"குதிகால். கட்டுப் போட்டிருக்காங்களே, அங்க."

அந்தப் பக்கம் போன நர்ஸ், "காலையிலேர்ந்து அதையேதான் சொல்லிட்டிருக்காங்க. மனசு சரியில்லாதவங்க இல்லையா" என்றாள்.

"வலிக்குதுன்னுதானே சொல்றா? கட்டைப் பிரிங்க. நான் பார்க்கணும்."

நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். கடைசிச் சுற்று பிரியும்வரை தையல்காரி அக்காவின் காலைத் தன் மடியில் தாங்கிப் பிடித்திருந்தாள்.